வெளியே உலவும் பூனை: உடல்நலமும் பாதுகாப்பும்

ஒரு வயதைக் கடந்த கடுவன் பூனை ஒன்று, இதுவரை வீட்டுக்குள்ளேயே வளர்ந்திருந்தும், சில வாரங்களாகக் கதவு திறக்கும் நேரம் பார்த்து வெளியே ஓடப் பழகியிருக்கிறது. அதைத் தடுத்து உள்ளேயே வைப்பதா, போக விடுவதா, விடுவதென்றால் என்னென்ன முன்னேற்பாடுகள் செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி. வலையடித்த பால்கனியோ வேலியிட்ட முற்றமோ அமைத்துத் தர உங்களால் முடியும் என்றால், அதையே செய்யுங்கள் என்பது என் பதில். கட்டற்ற உலாவலுக்கு அது எல்லா வகையிலும் மேல். அதற்கு வழியில்லாத வீடுகளும் உண்டு. கதவைத் திறந்தே ஆக வேண்டிய சூழல்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். வாகனம் மோதுவதை விட்டுவிட்டால், வெளியே பூனைக்கு நேரும் தீங்குகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தடுக்கக்கூடியவை, அல்லது முதல் நாளிலேயே தெரிந்தால் குணப்படுத்தக்கூடியவை. அவை நம் கண்ணில் படாமல் மூன்று நான்கு நாள் கடந்துவிடுவதே உயிருக்கு உலை வைக்கிறது. கீழே நான் சொல்லும் ஏற்பாடுகளில் பாதிக்கு மேல், பூனையை நாம் பார்க்கும் நேரத்தைக் கூட்டுவதற்காகவே இருக்கின்றன.

முதல் வேலை கருத்தடை அறுவை சிகிச்சை. தடுப்பூசிக்கும் முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருத்தடை செய்யப்படாத கடுவன் பெட்டையைத் தேடி வெகுதூரம் போகும். வழியில் சாலைகளைக் கடக்கும். எல்லைக்காக மற்றக் கடுவன்களோடு சண்டையிடும். கடிகாயம், அதன் வழியே தொற்றும் வைரஸ், வாகன விபத்து, காணாமல் போதல் ஆகிய நான்கு ஆபத்துகளுக்கும் இந்த அலைச்சலே வேர். அறுவைக்குப் பிறகு இது உடனே நின்றுவிடாது. ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே அதுவரை கதவைச் சாத்தியே வைத்திருங்கள். பெட்டையாக இருந்தால் அவசரம் இன்னும் அதிகம். நான்கு மாத வயதிலேயே சினைப்படக்கூடிய விலங்கு அது. சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரங்கள். குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படும். ஒரு தடவை ஈன்ற பிறகு செய்தால்தான் நல்லது என்ற நம்பிக்கைக்கு மருத்துவ அடிப்படை ஏதும் இல்லை. மாறாக, 6 மாத வயதுக்குள் செய்துவிட்டால் பிற்காலத்தில் பால்மடிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருத்தடைக்குப் பின் பூனையின் ஆற்றல் தேவை குறைந்து பசி மட்டும் கூடும் என்பதால், உணவின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. எந்தப் பூனைக்கும் அவசியம் என்று கருதப்படுபவை மூன்று வைரஸ்களுக்கு எதிரானவை: குடலையும் வெள்ளணுக்களையும் அழிக்கும் பான்லூக்கோபீனியா, மூக்கையும் கண்ணையும் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸ், வாய்ப்புண்ணையும் சளியையும் உண்டாக்கும் கலிசி வைரஸ். இவற்றில் பான்லூக்கோபீனியா, நோயுற்ற பூனை போய் மாதக்கணக்கில் ஆன பிறகும் மண்ணிலும் தரையிலும் உயிர்ப்போடு இருக்கும். வெளியே போகும் பூனை வேறொரு பூனையைச் சந்திக்காமலே அதைப் பெற்றுவிடலாம். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரலாம். குட்டிகளுக்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒரு முறை, 16 வாரம் நிறையும் வரை தொடர்ந்து போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசிகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும் என்பதே இத்தனை முறை போடுவதற்குக் காரணம். வளர்ந்த பூனைக்கு முன்பு போட்ட விவரம் தெரியாவிட்டால், சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் போடுவது வழக்கம். அதன்பின், தனியாக வீட்டுக்குள்ளேயே வாழும் பூனைக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போதும் என்றாலும், வெளியே உலவும் பூனைக்கு ஹெர்பீஸ், கலிசி வைரஸ்களுக்கான ஊசியை ஆண்டுதோறும் போடுவதே முறை.

ரேபிஸ் உள்ள நாடுகளில் அதற்கான தடுப்பூசி இல்லாத பூனையை வெளியே விடவே கூடாது. 12 வார வயதிலிருந்து போடலாம். பின்னர் போட வேண்டிய இடைவெளி, மருந்தையும் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. இதில் பூனையின் உயிரோடு வீட்டாரின் உயிரும் அடங்கியிருக்கிறது. பூனை வீட்டாரைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் இல்லாத நாட்டிலும் இந்த அறிவுரை பொருந்தும். பூனையின் பல் ஊசிபோல் மெல்லியது. வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் காயம், கையில் மூட்டுவரை கிருமியைக் கொண்டுபோயிருக்கலாம்.

பூனைகளுக்கு இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஃபீலைன் லூக்கீமியா வைரஸும், அவற்றின் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் ஃபீலைன் இம்யூனோடெஃபிஷியன்சி வைரஸும் அடிக்கடி ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. ஆனால் இரண்டும் பரவும் விதம் வேறு. லூக்கீமியா வைரஸ் எச்சிலில் நிறைய இருக்கும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் நட்புப் பூனைகளிடையே, ஒரே தட்டில் உண்பதாலும்கூட, பரவிவிடும். இரண்டாவது வைரஸ் பெரும்பாலும் ஆழமான கடியால் மட்டுமே பரவுகிறது. ஆகவே சண்டைக்காரக் கடுவன்களிடம் அதிகம் காணப்படுகிறது. லூக்கீமியாவுக்கு நம்பகமான தடுப்பூசி இருக்கிறது. வெளியே போகும் பூனைக்கு அதை நான் கட்டாயம் என்றே சொல்வேன், ஆனால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டாவதற்கு எளிதில் கிடைக்கும் தடுப்பூசி இல்லாததால், கருத்தடையே அதற்கான சிறந்த தடுப்பு. அந்த வைரஸ் இருப்பதாகத் தெரியவந்தால் மனம் உடைய வேண்டாம். நல்ல கவனிப்பில் அப்படிப்பட்ட பூனைகள் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன. அதை மற்றப் பூனைகளோடு சண்டையிட வாய்ப்பில்லாதபடி உள்ளேயே வைத்திருந்தால் போதும்.

சண்டையில் பட்ட கடிகாயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியே போகும் பூனையை மருத்துவரிடம் கொண்டுபோக நேரும் காரணங்களில் இது முன்னிற்கிறது. கண்டுபிடிக்கத் தவறுவதும் இதையே. எதிரியின் கோரைப்பல் தோலைத் துளைத்து உள்ளே கிருமியை வைத்துவிட்டு வெளியே வருகிறது. பூனையின் தளர்ந்த தோல் உடனே மூடிக்கொள்கிறது. ஒரு நாளில் அந்த இடத்தில் பொருக்கு மட்டும் இருக்கும். இரண்டு முதல் நான்கு நாளில் உள்ளே சீழ் கட்டுகிறது. பூனை சோர்ந்து ஒரு மூலையில் படுத்திருக்கும், சாப்பிடாது, காய்ச்சல் இருக்கும், தூக்கினால் சீறும். கட்டி உடைந்தால் தாங்க முடியாத நாற்றத்துடன் சீழ் வழியும். இதை முந்திக்கொள்ளக் கண் போதாது, விரல்தான் வேண்டும். முகம், கழுத்து, முன்னங்கால்கள், வாலின் அடிப்பகுதி, பின்தொடை ஆகிய இடங்களில் விரல் நுனிகளை முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக நகர்த்துங்கள். முடிக்கொத்து ஒன்று விறைப்பாக ஒட்டிக்கொண்டு தட்டுப்பட்டால் அதை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அடியில் சிறு பொருக்கும், ஒரு விரற்கடை தள்ளி அதற்கு இணையான இன்னொன்றும் இருக்கும். அது இரண்டு கோரைப்பற்களின் தடம். கடிபட்ட 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கோடு முடிந்துவிடும். தாமதித்தால் மயக்க மருந்து கொடுத்துக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டிவரும். முகம் அல்லது தோள் பகுதியில் காயம் என்றால் பூனை எதிர்த்து நின்றிருக்கிறது, வாலடியில் என்றால் ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். சிகிச்சைக்கு இந்த ஊகத்தால் பயன் இல்லைதான், இருந்தாலும் மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஒட்டுண்ணிகளில் தெள்ளுப்பூச்சியே முதன்மை. பூனை நக்கி நக்கி அதை விழுங்கிவிடுவதால் உடலில் பூச்சி ஒன்றும் தென்படாது. அரிப்பும் முடி உதிர்வும் மட்டும் இருக்கும். நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் முதுகின் பின்பகுதியை வாரி, சீப்பில் வந்த கருந்துகள்களை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றி ஒரு நிமிடத்தில் துருச் சிவப்பு நிறம் ஊறினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். கறுப்பாகவே இருந்தால் வெறும் மண். உடலில் இருப்பவை மொத்தத்தில் ஒரு சிறு பங்கே. முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவை படுக்கையிலும் தரைவிரிப்பிலும் கிடக்கின்றன; கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால் மருந்தை ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதில் பயன் இல்லை. வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து போட வேண்டும். தெள்ளை விழுங்குவதால் ஒரு வகை நாடாப்புழுவும், எலியைத் தின்பதால் இன்னொரு வகையும் வரும். ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசி மணி போன்ற துண்டுகள் கிடந்தால் அது நாடாப்புழு. உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் மண் வழியாகவே வந்துவிடும். நத்தையிலிருந்து எலிக்கும் பறவைக்கும் போய், அங்கிருந்து பூனைக்கு வரும் நுரையீரல் புழு நீண்டநாள் இருமலாக வெளிப்படும். வேட்டையாடும் பூனைக்குக் குடற்புழு மருந்தை ஆண்டுக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டியிருக்கும். எந்த இடைவெளியில் என்பதை மல பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. நாய்களுக்கென விற்கப்படும், கழுத்தில் சொட்டுவிடும் தெள்ளு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற வேதிப்பொருள் மிகுந்த அடர்வில் இருக்கிறது. நாய்க்குத் தீங்கு செய்யாத அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைக்க இயலாது; சில மணி நேரத்தில் தசைத் துடிப்பு, நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரையே எடுத்துவிடும். மருந்து போட்ட நாயின் மேல் உரசிப் படுத்த பூனைகளும் பாதிக்கப்பட்டிருக்கின்றன. தவறிப் போட்டுவிட்டால் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவிவிட்டு, நடுக்கம் தொடங்கும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலும் இதே வகை ஆபத்துதான். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதில் கிடையாது, ஒரே மாத்திரை கொன்றுவிடும். சண்டையில் காயம்பட்டு வந்த பூனைக்கு இரக்கப்பட்டுக் கொடுத்த மாத்திரையால் இறந்தவை, அந்தக் காயத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

வெளியே கிடைக்கும் நஞ்சுகளில் மூன்றை அறிந்துவைத்திருக்க வேண்டும். எலி மருந்துகளில் ஒரு பெரும் பிரிவு இரத்தம் உறைவதைத் தடுப்பது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்தே உள்ளே இரத்தம் கசியத் தொடங்கும். ஈறு வெளிறுதல், காரணமில்லாத சோர்வு, மூச்சிரைப்பு ஆகியவை அறிகுறிகள். உடனே தெரிந்தால் வைட்டமின் கே1 கொடுத்து மீட்கலாம், சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். எல்லா எலி மருந்தும் இந்த வகை அல்ல என்பதால், அக்கம்பக்கத்தில் வைத்த மருந்தின் உறையையோ அதன் புகைப்படத்தையோ மருத்துவரிடம் காட்டுவது அவசியம். இரண்டாவது, வாகனக் குளிர்விப்பானில் சேர்க்கப்படும் எத்திலீன் கிளைக்கால். ஒழுகிய இடத்தில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினாலும் உள்ளே போய்விடும்; ஒரு தேக்கரண்டி அளவே ஒரு பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும், மாற்று மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் உண்டு. மூன்றாவது லில்லி மலர்கள். இதழ், இலை, மகரந்தம், பூச்சாடியின் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கும். தோட்டத்தில் உலவிவிட்டு வந்த பூனையின் முகத்திலோ மார்பிலோ மஞ்சள் தூள் ஒட்டியிருந்தால், அது நக்குவதற்கு முன் துடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். இவற்றில் எதற்கும் வீட்டில் வாந்தி எடுக்க வைக்கும் முயற்சி வேண்டாம். உப்புநீர், எண்ணெய் போன்றவை பூனைக்குக் கூடுதல் கேட்டையே தரும்.

சாலை விபத்தைத் தடுக்க ஊசியோ மருந்தோ இல்லை. நேரக் கட்டுப்பாடு ஒன்றே வழி. இளம் பூனைகளே அதிகம் அடிபடுகின்றன. இரவில் ஆபத்து கூடுகிறது. எனவே அந்தி சாய்வதற்குள் உள்ளே வந்து, விடிந்து நன்கு வெளிச்சம் வந்த பிறகு வெளியே போகும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே உண்டாக்க வேண்டும். இதற்குச் சண்டை, அதட்டல் எதுவும் தேவையில்லை. பூனையைப் பசியோடு அனுப்புங்கள், உணவை மாலையில் மட்டும் உள்ளே வையுங்கள். ஒரே ஒலியை எழுப்பி, ஒரே நேரத்தில், தவறாமல் கொடுத்துவந்தால், சில வாரங்களில் அந்த ஒலிக்குப் பூனை வந்து நிற்கும். நாள் முழுதும் தட்டில் உணவு கிடக்கும் வீட்டில் இந்தப் பழக்கம் ஒருபோதும் உருவாகாது. பூனை எவ்வளவு தொலைவு போகும் என்ற கவலைக்கு ஓரளவு ஆறுதலான செய்தி இருக்கிறது. விலங்கியலாளர் ரோலண்ட் கேய்ஸ் தலைமையிலான குழு ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் உலாவெளி சராசரியாக 3.6 ஹெக்டேர் மட்டுமே என்றும், பெரும்பாலானவை வீட்டைச் சுற்றிய சிறு பரப்பிலேயே நேரத்தைக் கழித்தன என்றும் தெரியவந்தது. ஆகவே உங்கள் வீட்டைச் சுற்றி நீங்களே ஒருமுறை நடந்து பார்த்தால், பூனை சந்திக்கப்போகும் சாலை, கட்டவிழ்த்த நாய், மூடாத கிணறு, எலி மருந்து வைக்கும் கிடங்கு ஆகியவற்றில் பெரும்பகுதியை அறிந்துகொள்ளலாம். அந்தப் பரப்புக்குள் வேகமான வாகனங்கள் ஓடும் சாலை இருந்தால், கட்டற்று விடும் எண்ணத்தையே கைவிடுங்கள்.

காணாமல் போன பூனை யாருடையது என்று கண்டறிய உதவும் மைக்ரோசிப், 12 மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு குழல். தோள்களுக்கு இடையில் தோலடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் மின்கலம் இல்லை, இருப்பிடத்தைக் காட்டவும் செய்யாது. அதைப் படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண்ணை மட்டும் தரும். அந்த எண்ணுக்கு எதிரே உங்கள் இன்றைய தொலைபேசி எண் பதிவாகியிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. வீடு மாறும்போது மாற்ற மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2024 ஜூன் முதல் 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளுக்கு இதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. கழுத்துப்பட்டை கட்டுவதானால், இழுபட்டால் தானே திறந்துகொள்ளும் கொக்கி உள்ளதை மட்டும் வாங்குங்கள். எலாஸ்டிக் பட்டையைத் தவிருங்கள். பூனை அதற்குள் முன்னங்காலை நுழைத்துக்கொண்டு, அக்குளில் பட்டை அறுத்து, ஆறாத புண்ணாகிவிடும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடம் இருந்தால் போதும்.

அடுத்து, பலரும் பொருட்படுத்தாத ஒன்று. பூனை வெளியே போகத் தொடங்கியதும் வீட்டிலிருக்கும் மணல் தட்டை அப்புறப்படுத்திவிடுகிறார்கள். சுத்தம் செய்யும் வேலை மிச்சம் என்ற மகிழ்ச்சி. அதை எடுக்காதீர்கள். சிறுநீரும் மலமுமே பூனையின் உடல்நிலையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அன்றாடச் செய்தி. அவை எல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தால் வயிற்றுப்போக்கு, புழு, மலச்சிக்கல், சர்க்கரை நோயால் அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்தல் எதுவும் உங்களுக்குத் தெரியாது. கடுவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. படிகத்தாலோ சளிக் கட்டியாலோ அடைபட்டால் பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, ஓரிரண்டு நாளில் இதயம் நின்றுவிடும். தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்குவதும், ஒரு சொட்டும் வராமல் முனகுவதும், உறுப்பை ஓயாமல் நக்குவதும் அறிகுறிகள். இதை மலச்சிக்கல் என்று எண்ணி ஒரு நாளைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. மருத்துவமனைக்கு இரவோடு இரவாக ஓட வேண்டிய நிலைகளில் இதை முதலாவதாக வைப்பேன். இரவில் உள்ளே இருக்கும் பூனை தட்டைப் பயன்படுத்தியே ஆகும் என்பதால், மாலையில் அழைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது.

அந்தத் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வதில் வீட்டாருக்கும் நன்மை உண்டு. எலியையோ பறவையையோ தின்று, மனிதருக்கும் தொற்றக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண் ஒட்டுண்ணி தொற்றிய பூனை, முதல் தொற்றின்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். வெளியேறிய உடனே அவை தொற்றாது. அதற்குக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். அன்றன்றே அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு நீங்கிவிடுகிறது. கருவிலுள்ள குழந்தையை இது பாதிக்கக்கூடும் என்பதால், கருவுற்ற பெண்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும், இயலாவிட்டால் கையுறை அணிய வேண்டும். இதற்காகப் பூனையையே வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் தோட்ட மண்ணும் இந்தத் தொற்றுக்குப் பெரிய வழிகள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. வெண்மையான காது, மூக்கு உள்ள பூனைகளுக்குப் பல ஆண்டு வெயிலால் அந்த இடங்களில் தோல் புற்றுநோய் வரும். காது நுனியில் ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்கு கட்டினால் அதைச் சண்டைக் காயம் என்று விட்டுவிடாதீர்கள். நண்பகலில் அத்தகைய பூனையை உள்ளே வைப்பதே சிறந்த காப்பு. மனிதருக்கான சில வெயில் காப்புப் பசைகளில் உள்ள துத்தநாகமும் சாலிசிலேட்டும் நக்கினால் நஞ்சு. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இயல்பு, பூனை அப்படிச் செய்வது இயல்பு அல்ல. வெப்பத்தால் அப்படிச் செய்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, பனிக்கட்டி இல்லாத குளிர்ந்த நீரால் உடலை நனைத்து, விசிறியபடியே மருத்துவரிடம் போங்கள். குளிர்காலத்தில் ஆபத்து வேறு வடிவம் எடுக்கிறது. சூடான இயந்திரத்தைத் தேடிக் காருக்குள் ஏறிப் படுக்கும் பூனைகள் உண்டு, ஆகவே வண்டியை எடுக்கும் முன் முன்மூடியை ஓங்கித் தட்டுங்கள்.

மாடி வீட்டார் பால்கனியை வெளியிடமாகக் கருதுவதில்லை. நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு உயரத்திலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. ஏழு மாடிக்கு மேல் விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்ற வியப்பான செய்தியும் அதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பூனை எங்கிருந்து விழுந்தாலும் தப்பிக்கும் என்று பேசுவோர், விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பிழைத்தவற்றில் பலவும் தாடை உடைந்து, நுரையீரல் நசுங்கி, அல்லது அண்ணம் பிளந்தே வந்தன. பால்கனிக்கு வலை கட்டாயம்.

வேட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் வெளியே விடும் முடிவில் அதற்கும் பங்கு இருக்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அதில் பெரும்பங்கு உரிமையாளரற்ற பூனைகளுடையது, ஆனாலும் வளர்ப்புப் பூனைகளின் பங்கும் சிறியதல்ல. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில், அழிந்துவரும் கொண்டை வானம்பாடியின் குஞ்சு பொரிக்கும் காலத்துக்காக, 2022-இல் ஒரு பகுதியின் பூனைகளை ஆகஸ்ட் இறுதி வரை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். குறைக்க வழிகள் உண்டு. எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தானியம் சேராத, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவால், பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரைகள் 36 விழுக்காடும், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் வேட்டைபோல் விளையாட்டுக் காட்டியதால் 25 விழுக்காடும் குறைந்தன. மணி கட்டியதில் தெளிவான பலன் எதுவும் தெரியவில்லை. எச்5என்1 பறவைக் காய்ச்சல் பூனைக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது என்பதால், அது பரவும் பகுதியில் பறவை பிடிப்பதைத் தடுப்பது பூனையின் நலத்துக்கும் ஆகும்.

இனி, உங்கள் பூனைக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை. கருத்தடை, ஊசிகள், சிப் ஆகியவை முடியும் வரை உள்ளே வையுங்கள். உணவு அழைப்புக்குப் பழக்குங்கள். பிறகு மாலை உணவுக்குச் சற்று முன், நீங்களும் உடன் நின்று, சிறிது நேரம் வெளியே விட்டு அழைத்துக்கொள்ளுங்கள். நேரத்தை மெல்லக் கூட்டுங்கள். உடலைச் சுற்றிப் பிடிக்கும் கச்சையும் கயிறும் அணிவித்து நடத்திச் செல்வது சில பூனைகளுக்கு நன்றாக ஒத்துவரும்; இளம் வயது என்பதால் முயன்று பார்க்கலாம், மிரண்டு தரையோடு ஒட்டிக்கொள்ளும் பூனையை வற்புறுத்த வேண்டாம். காது கேளாத, பார்வை குன்றிய, முதிய, நாட்பட்ட நோயுள்ள பூனைகளை விடவே கூடாது. முழுதும் உள்ளே வைப்பதென்று முடிவு செய்தால், ஏறி உட்கார உயரமான இடங்களும், நகம் கீற மரமும், அன்றாட விளையாட்டும் தேவை. வெறுமனே அடைத்து வைத்த பூனை பருத்துப்போகும், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சியும் வரும்.

ஒவ்வொரு மாலையும் பூனை உள்ளே வந்ததும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்: விரல்களால் உடலைத் தடவுதல், உதட்டைத் தூக்கி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தல், பாதங்களின் அடி, நடை, மூச்சு. தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு முழு நாள் உணவைத் தொடாத பூனையையும் அப்படியே. குறிப்பாகப் பருத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மாலை அழைப்புக்கு வரவில்லை என்றால் மறுநாள் வரை பொறுத்திருக்க வேண்டாம். காணாமல் போன பூனைகளைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வொன்றில், கண்டுபிடிக்கப்பட்டவற்றில் நான்கில் மூன்று பங்கு, போன இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. இறங்கித் தேடியதே அதிகம் பலன் தந்த முறை. காயம்பட்டதோ மிரண்டதோ ஆன பூனை, பெயர் சொல்லி அழைத்தால்கூடக் குரல் கொடுக்காது. எனவே அழைப்பதோடு நிற்காமல், அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு, அவர்கள் பூட்டிவைத்த கொட்டகை, வண்டிக் கூடம், படிக்கட்டின் அடி, புதர் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். இரவில் கைவிளக்கைத் தரையோடு தாழ்த்தி அடித்தால் கண்கள் ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும். சிப் பதிவேட்டுக்கும் அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கும் அன்றே தகவல் கொடுங்கள். பல நாள் எங்கோ அடைபட்டுக் கிடந்து மீண்ட பூனைக்கு, பசியைக் கண்டு ஒரே நேரத்தில் நிறைய உணவு வைக்கக் கூடாது. தண்ணீரும் சிறிதளவு உணவும் கொடுத்து, அது நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.